பழைய கார்களின் காய்ச்சலும் குலுக்கலும்

மோட்டார் கார் ஓட்டுபவரின் இடது காலுக்கு ஓய்வு கொடுத்த பெருமை தானியங்கிக் கியர் பெட்டியைச் சேரும். கிளட்ச் மிதி இல்லை. கியர்க் கோலோடு மல்லுக்கட்டும் தொல்லை இல்லை. வலது காலால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும், வண்டி தானே ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஏறிக்கொள்ளும். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் படிப்பவனுக்கு உடனே ஓர் ஐயம் எழும். கால் செய்து வந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? அதற்கு என்ன கூலி கொடுக்கப்படுகிறது?

வேலையைச் செய்வது எண்ணெய். கூலி வெப்பமாகப் போகிறது. புதிய காரில் இந்தக் கூலி கணக்கில் தெரிவதில்லை. முப்பது நாற்பது ஆண்டு ஓடிய காரில் அதுவே பெருங்கடனாக வந்து நிற்கிறது. அத்தகைய கார்களைப் பற்றி உரிமையாளர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டு: பெட்டி கொதிக்கிறது, கியர் மாறும்போது ‘ஜெர்க்’ அடிக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாக எண்ணி, குலுக்கலை மட்டும் முதலில் அடக்கிவிட முனைவதுதான் பல நல்ல கியர் பெட்டிகளின் ஆயுளைக் குறைத்திருக்கிறது. அந்தத் தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பம் பிறக்கும் இடம்

என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில், கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், பூசணிக்காய் போன்ற ஓர் உருண்டை இருக்கிறது. முறுக்குவிசை மாற்றி என்பது அதன் பெயர். பணிமனைகளில் ‘கன்வர்ட்டர்’ என்பார்கள். கப்பல்களில் டர்பைனின் வேகத்தைக் குறைத்து உந்தியைச் சுழற்றும் பொருட்டு, ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலுக்குப் பிறந்தது பின்னர் காரில் குடியேறிற்று. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமாட்டிக் என்ற பெட்டியில் இதன் எளிய உடன்பிறப்பான திரவ இணைப்பி இருந்தது. 1948-இல் ப்யூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ பெட்டியில் முறுக்குவிசை மாற்றியே வந்துவிட்டது.

அது இயங்கும் முறை எளிது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. எண்ணெய் மற்ற விசிறியைத் தள்ளுகிறது. தள்ளப்படும் விசிறி எப்போதும் சற்றே பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் இழந்த ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாகத் தங்கிவிடும்.

சமவெளியில் சீராக ஓடும்போது பின்தங்கல் குறைவு. ஏற்றத்தில் வண்டியை ஆக்சிலேட்டராலேயே நிறுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? சக்கரம் சுழலவில்லை, ஆகவே என்ஜின் தரும் ஆற்றல் அத்தனையும் வெப்பம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்ஜின் 20 கிலோவாட் தருகிறது என்று கொள்வோம். இது அரை மிதிகூட இல்லை. பெட்டியில் 7 லிட்டர் எண்ணெய், அதாவது ஏறத்தாழ 6 கிலோகிராம். எண்ணெயின் தன்வெப்பம் கிலோவுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 2 கிலோஜூல். எனவே ஒரு டிகிரி சூடேற 12 கிலோஜூல் போதும். வினாடிக்கு 20 கிலோஜூல் வந்து சேர்ந்தால் வினாடிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறும். உலோகப் பாகங்களும் ரேடியேட்டரும் வாங்கிக்கொள்வதை விட்டுவிட்டால், அரை நிமிடத்தில் 50 டிகிரி! பெட்டியைச் சோதிப்பதற்காகப் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பார்க்கும் சோதனையை ஐந்து வினாடிக்கு மேல் செய்யாதே என்று பணிமனைக் கையேடுகள் எச்சரிப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இந்தப் பெட்டிகளின் எண்ணெய்க்கு ஏற்ற வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் வழங்கும் வாய்பாடு. 80-இல் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் எண்ணெய், 113-இல் அதில் எட்டில் ஒரு பங்குதான் உழைக்கும். வேதியியல் துறை நண்பர்களுக்கு இது புதிதன்று. வெப்பநிலை உயர உயர வேதிவினையின் வேகம் எவ்வாறு பெருகுகிறது என்று 1889-இல் அர்ரீனியஸ் தந்த சமன்பாட்டின் ஒரு முரட்டு வடிவமே இது. எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பழுப்பு நிறப் பிசினாக மாறி வால்வுகளின் மேல் படிகிறது. ரப்பர் வளையங்கள் காய்ந்து விறைக்கின்றன. இவ்விரண்டும் கியர் மாற்றத்தைக் கெடுக்கின்றன. காய்ச்சலிலிருந்து குலுக்கலுக்குச் செல்லும் வழி இதுதான்.

குலுக்கல் ஏன்?

கியர் பெட்டிக்குள் அடுக்கடுக்காகக் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் அவற்றை நெருக்கிப் பிடித்தால் ஒரு கியர் இணைகிறது. மெல்ல நெருக்கினால் தட்டுகள் சிறிது வழுக்கிப் பின் இணையும். பயணிக்கு ஒன்றும் தெரியாது. வெடுக்கென நெருக்கினால் வண்டி குலுங்கும். ஆகவே அழுத்தத்தை என்ஜினின் சுமைக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும். இன்றைய கார்களில் இதைக் கணினி செய்கிறது. கணினி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

எனக்கு நன்கு பழக்கமான ஒரு வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1976-இல் அறிமுகமான மெர்சிடிஸ் 123 வரிசையில் 300 டி என்ற ஐந்து சிலிண்டர் டீசல் கார். அதன் கியர் பெட்டியின் பக்கவாட்டில் மாடுலேட்டர் என்ற சிறு வட்டச் செப்பு ஒன்று உண்டு. அதனுள்ளே ஒரு சவ்வு. சவ்வின் மறுபுறத்தை ஒரு மெல்லிய குழாய் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. பெட்ரோல் என்ஜினில் இந்த உறிஞ்சல் உள்ளிழுப்புக் குழாயிலிருந்து தானே கிடைக்கும். டீசலில் அது கிடையாதாகையால், தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உறிஞ்சல் குறையும்படி ஒரு வால்வையும் வைத்தார்கள். மிதி குறைவு என்றால் உறிஞ்சல் அதிகம், எண்ணெய் அழுத்தம் குறைவு, கியர் இதமாக மாறும். முழு மிதி என்றால் உறிஞ்சல் இல்லை, அழுத்தம் அதிகம், கியர் இறுக்கமாக இணையும்.

இப்போது அந்த ரப்பர் குழாய் முதுமையால் வெடித்து விட்டது என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சல் போயிற்று. கியர் பெட்டி என்ன நினைக்கும்? ‘ஓட்டுநர் முழு மிதியில் இருக்கிறார்’ என்று நினைக்கும். தெருமுனையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் முழு அழுத்தம் கொடுத்து வெடுக்கென மாற்றும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரில் கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிடப் பம்பால்தான் இயங்குகின்றன. சாவியைத் திருப்பினால் என்ஜினை நிறுத்துவதும் அதே வெற்றிடம்தான். பின்கதவுப் பூட்டில் உள்ள ஒரு சவ்வு கிழிந்தாலும் கியர் குலுங்கலாம்! சாவியைத் திருப்பிய பிறகும் என்ஜின் சில வினாடி முரண்டுபிடித்து ஓடினால், கியர் பெட்டியின் மேல் கை வைக்கும் முன் வெற்றிடக் குழாய்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அமைப்பாளர்கள் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உறிஞ்சல் போனால் அழுத்தம் கூடுகிறது, குறைவதில்லை. பயணிக்கு முதுகு வலிக்கும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். பழுது ஏற்படுவதானால் பெட்டிக்குக் கேடில்லாத பக்கமாக ஏற்படட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மாடுலேட்டரின் வாயில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகினால் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. கோவையில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் ஒரு பணிமனையில் என் சித்தப்பா வேலை செய்கிறார். கோடை விடுமுறைகளில் நானும் அங்கே எடுபிடியாக இருப்பதுண்டு. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் 300 டி அங்கு வந்தது. காலஞ்சென்ற தமையனாரின் கார் என்பதால் விற்க மனமின்றி வைத்திருந்தார். கியர் குலுங்குகிறது என்று முன்பு வேறோரிடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே திருகைத் திருகி விட்டார்கள். வண்டி வெண்ணெய் போல ஓடிற்று. அவருக்கும் மகிழ்ச்சி. நான்கு மாதம் கழித்துக் குடும்பத்தோடு வால்பாறைக்குப் போயிருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலையில் என்ஜின் மட்டும் இரைந்தது, வண்டி நகரவில்லை, கருகிய நாற்றம். பெட்டியைப் பிரித்தபோது கிளட்ச் லைனிங் கரியாக உதிர்ந்தது. முதலில் குலுக்கலுக்குக் காரணமாயிருந்ததோ, கட்டை விரல் நீளத்தில் வெடித்துப் போன ஒரு ரப்பர் முழங்கை. இரண்டு வேளைக் காப்பிச் செலவில் மாற்றக் கூடியது. பெட்டியைச் சீரமைக்கக் கேட்ட தொகை அந்தக் காரின் விலையைத் தாண்டிற்று. “வண்டி அடிக்குதுன்னா அது நம்மகிட்டப் பேசுது கண்ணு. வாயைப் பொத்தி விட்டுட்டாங்க” என்றார் சித்தப்பா. அந்தக் கார் இன்றும் பெரியவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது.

இதமாக மாறிய கியர் எப்படிக் கருகிற்று? இதற்கும் கணக்கு உண்டு. கிளட்ச் தட்டுகள் வழுக்கும்போது பிறக்கும் வெப்பம், முறுக்குவிசை, வேக வேறுபாடு, வழுக்கும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கம். முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்ற வேறுபாடு படிப்படியாகச் சுழியாகிறது. அரை வினாடியில் இணைந்தால் ஏறத்தாழ 4 கிலோஜூல். ஒன்றரை வினாடி வழுக்கினால் 12 கிலோஜூல். என்ஜினின் சுழற்சியில் தேங்கியுள்ள ஆற்றல் இரண்டு வகையிலும் வந்தே தீரும். ஆனால் வழுக்கும் நேரம் நீள நீள, என்ஜின் மேலும் மேலும் ஊட்டுவதும் தட்டுகளின் தலையிலேயே விடிகிறது. மலையேற்றத்தில் அழுத்தம் போதாமல் தட்டுகள் முற்றிலும் இணையாமலே வழுக்கிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, குலுக்கலுடன் மாறும் கியர் உண்டாக்கும் வெப்பம் குறைவு. நயமாக இழுத்து இழுத்து மாறும் கியர்தான் பெட்டியைச் சுடுகிறது. பழைய காரில் கியர் மாறுவது லேசாக உடம்புக்குத் தெரிந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒன்றுமே தெரியாமல் போனால்தான் கவலைப்படுவேன்.

அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் பெட்டிகளிலும் இந்த வேற்றுமையைக் காணலாம். 1969-இல் வந்த டர்போ ஹைட்ராமாட்டிக் 350 பெட்டியில் மேற்சொன்ன வெற்றிட மாடுலேட்டர்தான். அதன் சவ்வு கிழிந்தால் குலுக்கலோடு இன்னொன்றும் நிகழும்: கியர் எண்ணெயை என்ஜின் உறிஞ்சிக் குடித்து வெண்புகை விடும். 1982-இல் வந்த 700 ஆர் 4 பெட்டியிலோ வெற்றிடக் குழாய்க்குப் பதில், கார்புரேட்டரிலிருந்து ஒரு கம்பி வடம் வந்து அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அந்த வடத்தைத் தளர்வாகப் பொருத்திவிட்டால் அழுத்தம் குறையும். கியர்கள் சீக்கிரமாக, மிருதுவாக மாறும். தட்டுகள் விரைவில் தீய்ந்துவிடும். முன்னதில் குலுக்கல் கூச்சலிட்டு எச்சரிக்கிறது. பின்னதில் கேடு ஓசையின்றி வருகிறது.

எல்லாக் குலுக்கலும் அழுத்தத்தால் வருவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நின்றபடியே ரிவர்சுக்குத் தள்ளும்போது மட்டும் ‘டொக்’ என்று அடித்தால், என்ஜினின் ஓய்வு வேகம் கூடுதலாக இருக்கலாம். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளோ புரொப்பல்லர் ஷாப்ட்டின் இணைப்புகளோ தேய்ந்திருக்கலாம். காலையில் முதல் முறை கியர் போட்டதும் சிறிது தாமதித்துப் பின் அடித்தால், விறைத்துப் போன ரப்பர் வளையங்களின் மேல் ஐயம் கொள்ளலாம். சூடான பிறகு மட்டும் அடித்தால், பிசின் பிடித்த வால்வுகள். எப்போது குலுங்குகிறது என்ற கேள்விக்கு உரிமையாளர் சொல்லும் விடையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும்.

எண்ணெயின் உராய்வுக் குணம்

உராய்வு கூடாது என்பதற்காகவே நாம் எண்ணெய் விடுகிறோம். இந்தப் பெட்டியில் மட்டும் எண்ணெய் உராய்வையும் தந்தாக வேண்டும், அதுவும் அளவோடு. இரு பரப்புகள் வழுக்கும்போது உள்ள உராய்வைவிட நிலைத்து நிற்கும்போது உள்ள உராய்வு அதிகம் என்று முதலாண்டிலேயே படிக்கிறோம். கிளட்ச் தட்டுகள் வழுக்கி முடித்து நிலைக்கும் கடைசிக் கணத்தில் உராய்வு சட்டென உயர்ந்தால் வண்டி உதறும். இதைத் தடுக்க எண்ணெயில் உராய்வு மாற்றிகள் எனப்படும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். வியப்பான செய்தி யாதெனில், 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இவ்வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் பயன்பட்டது. அழிந்துவரும் அவ்வுயிரைக் காக்கத் தடை வந்ததும், அதற்கு ஈடான செயற்கைப் பொருளைத் தேட நேர்ந்தது. 1973-இல் வந்த டெக்ஸ்ரான் 2 என்ற எண்ணெய் அத்தேடலின் விளைவு.

அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் பெட்டிகள் பலவற்றுக்கு டைப் எஃப் என்ற எண்ணெய். அதில் உராய்வு மாற்றிகள் இல்லை. தட்டுகளும் அதற்கேற்ப அமைந்தவை. டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டியில் டைப் எஃப் விட்டால் கியர் முரட்டுத்தனமாக மாறும். டைப் எஃப் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் விட்டால் தட்டுகள் நீண்ட நேரம் வழுக்கிச் சூடேறும். இரண்டும் செந்நிறமே, கண்ணால் பார்த்து வேறுபாடு காண இயலாது. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். கையேட்டைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

பேணும் முறை

எண்ணெயின் அளவைச் சூடான நிலையில் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஏழெட்டுப் பங்கு விரிவடையும். 7 லிட்டர் எண்ணெய் 60 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் உயர்ந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது ‘குறைவாக இருக்கிறதே’ என்று மேல் கோடு வரை ஊற்றுபவர், சூடானபின் அளவுக்கு மேல் ஏறச் செய்கிறார். சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் உள்ள காற்று அமுங்கும், அழுத்தம் நிலைக்காது, தட்டுகள் வழுக்கும். எண்ணெய் குறைந்தாலும் பம்பு காற்றை உறிஞ்சி இதே கேட்டைச் செய்கிறது.

குளிர்விப்பதற்கு, பெரும்பாலான கார்களில் கியர் எண்ணெய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஒரு குழாய் வழியாகச் சென்று திரும்புகிறது. எனவே ரேடியேட்டரில் உப்புப் படிந்தால் என்ஜினோடு கியர் பெட்டிக்கும் காய்ச்சல். அந்தக் குழாய் உள்ளேயே அரித்து ஓட்டையானால் நீரும் எண்ணெயும் கலந்து, ஸ்ட்ராபெரிப் பால் போன்ற இளஞ்சிவப்புக் குழம்பு கிடைக்கும். காகித இழையால் ஆன கிளட்ச் லைனிங் நீரில் ஊறி, ஒட்டியிருக்கும் பசை விட்டுக் கழன்றுவிடும். இந்த நிறத்தைக் கண்டால் வண்டியை ஒரு கிலோமீட்டரும் ஓட்டக் கூடாது. மலைப் பாதையில் அடிக்கடி செல்பவர்கள் தனியாக ஒரு சிறு எண்ணெய்க் குளிர்விப்பியை முன்புறக் காற்று படும் இடத்தில் வைப்பது நல்லது. ரேடியேட்டரிலிருந்து வெளிவரும் எண்ணெய் இதன் வழியாகச் சென்று பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அதைவிட மலிவான ஒரு கருவியும் உண்டு: தொடாமலே வெப்பம் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி. ஏற்றம் முடிந்து நின்றதும் பெட்டியின் அடித்தொட்டியில் காட்டிப் பார்த்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

ஓட்டும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கால் நிறுத்துங்கள், ஆக்சிலேட்டரால் அன்று. நீண்ட ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டிருந்தால், கோலைத் தாழ்ந்த கியரில் வைத்துவிடுங்கள்; என்ஜின் சற்று இரையும், கன்வர்ட்டரின் பின்தங்கல் குறையும். சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவதைப் போல எண்ணெயைக் கொதிக்க வைக்கும் வழி வேறில்லை.

பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றலாமா கூடாதா என்பது பணிமனைகளில் ஓயாத வழக்கு. மாற்றியதும் பெட்டி செத்துவிட்டது என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் அந்தப் பெட்டிகளின் லைனிங் முன்பே தேய்ந்து, எண்ணெயில் மிதந்த துகள்களின் உராய்வால் உயிர் பிடித்திருந்தவை. ஆகவே முதலில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டு, முகர்ந்து பாருங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ பரவினால் தாராளமாக மாற்றலாம். நடுவில் கருந்துகள் நின்று கருகிய வாடை அடித்தால், எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

மாற்றுவதானால் இயந்திரத்தின் வேகத்தில் கழுவித் தள்ளாமல், அடித்தொட்டியைக் கழற்றி வடித்து, வடிகட்டியையும் மாற்றுவதே பழைய வண்டிக்கு ஏற்றது. நான் சொன்ன மெர்சிடிசில் கன்வர்ட்டருக்கே ஒரு வடிகுழாய்த் திருகு உண்டு. ஒரே முறையில் பெரும்பகுதி வந்துவிடும். அது இல்லாத கார்களில் ஏறத்தாழ பாதி எண்ணெய் கன்வர்ட்டரிலேயே தங்கும். முதல் முறை வடித்து ஊற்றினால் பாதி புதியது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுமுறை செய்தால் முக்கால். மூன்றாம் முறையில் எட்டில் ஏழு. அதற்கு மேல் வடிப்பது எண்ணெய்க் கடைக்குத்தான் இலாபம். மீதமுள்ள எட்டில் ஒரு பங்கைப் பெட்டி பொறுத்துக்கொள்ளும்.